பின்சக்கர நட்டை ஒருமுறை கழற்றிப் பார், பாப்பா

அன்புள்ள பாப்பா,

பயணத்துக்கென்று நீ எடுத்து வைத்த ரிப்பேர் சாமான்களின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய், பெரிதாக்கிப் பார்த்தேன். நட்டின் மேல் கவிழ்த்துத் திருகுகிற 46 உருப்படி சாக்கெட் செட், மடக்கு பிளேயர் ஒன்று, வாயைத் திருகி அளவு மாற்றுகிற பெரிய ஸ்க்ரூ ஸ்பேனர், ஸ்ப்ரே டப்பா இரண்டு. தீபாவளிக்கு ஓசூரிலிருந்து பைக்கிலேயே வந்து, அப்புறம் போடிமெட்டு ஏறி மூணாறு போகப் போகிறாய் என்றதும் உன் அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பட்டியலோடு நீ கிளம்புவதில் எனக்குச் சம்மதமில்லை. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாக்கெட் பெட்டி. அதில் இருக்கிற பெரிய சாக்கெட்டே 14 மில்லிமீட்டர்தான். உன் சக்கரத்தின் அச்சு நட்டு அதைவிடப் பெரியது. கைப்பிடியும் சாக்கெட் மாட்டுகிற முனை கால் அங்குலம், கையகல நீளம். சின்னச் சின்ன போல்ட்டுகளுக்கு அது போதும். அச்சு நட்டின் இறுக்கத்துக்குத் தாங்காது. வழியில் நமக்கு அதிகம் வருவது பஞ்சர். உன் வண்டி 2016 ராயல் என்ஃபீல்டு கிளாசிக், ஸ்போக்ஸ் சக்கரம், உள்ளே டியூப். டியூப்லெஸ் டயர் என்றால் சக்கரத்தைக் கழற்றாமலே ஆணியைப் பிடுங்கி, துளையை ரீமர் என்கிற சொரசொரப்பான கம்பியால் அராவி, ரப்பர் பட்டையைச் சொருகிவிட்டுப் போய்விடலாம். உனக்கு அந்த வசதி இல்லை. சக்கரம் கழன்றால்தான் வேலையே ஆரம்பமாகும். 46 உருப்படி இருந்தும் சக்கரம் கழலாது என்றால் அதைச் சுமந்து என்ன பயன்?

என் கணக்கு இதுதான். உன் வீட்டு வாசலில் வைத்து எந்த வேலையை நீயே ஒருமுறை செய்து பார்த்தாயோ, அந்த வேலைக்கு எடுத்த சாமான் மட்டும் பையில் ஏறட்டும். கைபடாத சாமான் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் வீட்டிலேயே கிடக்கட்டும்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தை முழுக்கக் கழற்றி மாட்டு. எந்த ஸ்பேனர் எங்கே உட்கார்ந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வா. இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. இப்போது ஒர்க்‌ஷாப்பில் காற்றழுத்தத்தில் ஓடுகிற ஏர் கன்னை வைத்து நட்டை முடுக்கிவிடுகிறார்கள். கை ஸ்பேனருக்கு அது அசையாது. சர்வீஸ் விட்டு எடுத்த அன்றே உன் ஸ்பேனரை வைத்து ஒருமுறை தளர்த்தி, நீயே திரும்ப இறுக்கிக்கொள். அச்சு நட்டுக்கு, அதைச் சுற்றிலும் பிடிக்கிற ரிங் ஸ்பேனர் எடு. ஸ்க்ரூ ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனையை மழுக்கிவிடும். அதற்கப்புறம் எந்த ஸ்பேனரும் அதில் பிடிக்காது.

அண்ணனுடைய ஸ்பிளெண்டருக்கு எடுத்த செட் அப்படியே உனக்கும் ஆகும் என்று நம்பாதே. ஜப்பான் வழி வந்த வண்டிகளில் மரைத் தண்டு 8 மில்லிமீட்டர் இருக்கிற போல்ட்டுக்குப் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் தலை வரும். ஐரோப்பிய அளவில் அதே போல்ட்டுக்கு 13. ஒரு மில்லிமீட்டர்தானே என்று 13 ஸ்பேனரை 12 தலையில் போட்டால் அதோடு அந்தத் தலை போச்சு. ஆகவே கடைக்காரர் கொடுக்கிற செட் வேண்டாம், நீ எழுதி வைத்த எண்கள் மட்டும் போதும். டபாரியா போல நல்ல கம்பெனியாகப் பார்த்துத் தனித்தனியாக எடு.

பஞ்சருக்கு வருகிறேன். இதை நிதானமாகப் படி. நான் கால்நடை ஆய்வாளராக இருந்த காலமெல்லாம் உசிலம்பட்டி, சேடபட்டி, எழுமலைப் பக்கம் ஊர் ஊராக வண்டியில் போனவன். அங்கே ஆணியைவிடப் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். விறகுக்கு வெட்டிக் கொண்டுபோகிறவர்கள் வண்டியிலிருந்து கிளை உதிர்ந்து ரோட்டோரம் கிடக்கும். முள் டயருக்குள் ஏறி வெளியே ஒடிந்துவிடும். உள்ளே அரை விரல் நுனி அளவுக்கு நீட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. அவசரத்தில் புது டியூபைப் போட்டுக் காற்றடித்தால் ஒரு மைல் தாண்டுவதற்குள் அதுவும் போய்விடும். டியூபை வெளியே எடுத்ததும் பழைய பருத்தித் துணி ஒன்றை டயரின் உட்புறம் முழுக்க மெதுவாகத் தேய்த்துக்கொண்டு வா. முள் இருக்கிற இடத்தில் துணி மாட்டும். வெறும் விரலை விடாதே. மாட்டிய இடத்தில் பிளேயரால் பிடுங்கு. ஒன்று கிடைத்ததே என்று நிறுத்தாமல் முழுச் சுற்றும் பார்.

டயரை ரிம்மிலிருந்து எடுக்க லீவர் மூன்று வேண்டும், இரண்டு போதாது. லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே டயரின் விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் இறக்கிவிடு. அப்படிச் செய்தால் இந்தப் பக்கம் தானாக இளகும்; பலமே வேண்டாம். புது டியூபைப் போடும் முன் உருண்டு நிற்கிற அளவுக்குக் கொஞ்சம் காற்று வை, இல்லையென்றால் லீவர் நுனி அதைக் கடித்துவிடும். முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 18. இரண்டுக்கும் தனித்தனியாக டியூப் எடுத்துக்கொள். பேட்சும் ரப்பர் சொல்யூஷனும் அதற்கு மேல் ஒரு காவல். சொல்யூஷன் டியூப் ஒருமுறை திறந்தால் நம் வெயிலில் காய்ந்துபோகும், அதனால் சின்னதாக, திறக்காததாக வாங்கு. காற்றுக்கு பேட்டரியில் மாட்டுகிற 12 வோல்ட் பம்ப் நல்லதுதான், ஆனாலும் ஒரு கைப்பம்பும் கூட இருக்கட்டும். சக்கரத்தை மாட்டியபின் செயின் இறுக்கம் வைக்கிற அட்ஜஸ்டரின் குறி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா பார், பின்பிரேக்கை நின்ற இடத்திலேயே நாலு தடவை மிதித்துப் பார். அதற்கப்புறம்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. கிளச் கேபிள் அறுவது பெரும்பாலும் கையால் பிடிக்கிற கிளச் லீவர் பக்கத்து முனையில். புதுக் கேபிளைப் பையில் வைக்காமல், பழைய கேபிள் போகிற வழியிலேயே கூடவே ஓட்டி, கேபிள் டையால் கட்டி வைத்துவிடு. அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றினால் தீர்ந்தது. ஃபியூஸ் இரண்டு, ஸ்பார்க் பிளக் ஒன்று, பிளக் ஸ்பேனர். பிளக்கை முதலில் விரலாலேயே திருகு. மரை மாறி ஏறினால் எஞ்சினின் அலுமினியத் தலையே பாழ். உன் செயின் லாக் (கிளிப் போட்டுக் கழற்றி மாட்டுகிற இணைப்புக் கண்ணி) வைத்ததா என்று பார்த்து, செயின் தகட்டில் பொறித்திருக்கிற எண்ணுக்கே ஒரு லாக் வாங்கு. மாட்டும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், எம்சீல், நெற்றியில் மாட்டுகிற டார்ச். ஸ்ப்ரே டப்பா இரண்டும் வீட்டில் இருக்கட்டும்.

இதையெல்லாம் முதுகுப் பையில் போடாதே. கண்டிப்பாகச் சொல்கிறேன், பாப்பா. விழுந்தால் ஸ்பேனர்தான் முதலில் முதுகெலும்பில் குத்தும். சாக்குத் துணியில் சுருட்டி, ஆடாமல் கட்டி, பக்கவாட்டுப் பையில் அடியில் வை.

வரும் வழி தொப்பூர், சேலம், கரூர், திண்டுக்கல் என்று பெரும்பாலும் நால்வழிச் சாலை. அங்கே டயர் இறங்கினால் ரோட்டோரத்தில் உட்கார்ந்து சக்கரம் கழற்றக் கூடாது. காற்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ரோட்டைவிட்டு நன்றாக உள்ளே தள்ளிக்கொண்டு போ. தேசிய நெடுஞ்சாலைக்கு 1033 என்ற உதவி எண் இருக்கிறது, போனில் பதிந்து வை. இருட்டிவிட்டால் உனக்கு வேலை தெரியும் என்பதற்காகத் தனியாக உட்கார்ந்து செய்யாதே. பெட்ரோல் பங்க்கோ டீக்கடையோ கண்ணில் படும் இடம்வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போய், அங்கே வெளிச்சத்தில் பிரி. ஆண்டிபட்டி கணவாயிலும் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளிலும் நிற்க இடம் பார்த்துத்தான் நிற்க வேண்டும், வளைவுக்குள் நிறுத்திவிடாதே.

இந்த ஞாயிறு சக்கரத்தைக் கழற்றிவிட்டு அச்சு நட்டின் அளவு என்ன என்று எனக்கு எழுது. ரிங் ஸ்பேனரை இங்கே டவுனில் நானே பார்த்து வாங்கி அனுப்புகிறேன். டயர் லீவர் மூன்றும் வீட்டிலேயே இருக்கிறது, அதையும் சேர்த்துப் போட்டுவிடுகிறேன். அம்மா முறுக்கும் அனுப்பச் சொல்கிறாள். அதைத் தனிப் பார்சலாக அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா