மாருதிக்குப் புது செட்

அன்புள்ள கண்ணுக்கு,

மாருதி 800 காருக்குப் புது பாட்டு செட் வாங்கிவிட்டாய், நீயே மாட்டப் போகிறாய் என்று கேட்டதும் மனசு நிறைந்தது. அது பல கை மாறி வந்த வண்டி. பழைய செட்டை யார் எப்படி மாட்டினார்களோ! அதனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் தொங்கும் ஒயர்களின் நிறத்தை நம்பாதே, வோல்ட் பார்க்கும் மல்டிமீட்டர் காட்டுவதை மட்டும் நம்பு. புது செட்டோடு வரும் கப்ளரில் (ஒயர்கள் சேர்ந்த இணைப்பியில்) மஞ்சள் பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு எர்த்துக்கு, அதாவது வண்டியின் இரும்பு பாடிக்கு. இந்த நிறக் கணக்கு செட்டுக்குத்தான் பொருந்தும், வண்டிக்குப் பொருந்தாது.

பழைய செட்டை இழுத்துப் பிடுங்காதே. பின்னால் ஒரு தகரப் பட்டையும் நட்டும் பிடித்திருக்கலாம். வெளியே எடுத்ததும் மீட்டரை 20 வோல்ட் டிசியில் வை. கறுப்பு முனையை பாடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார். சாவி இல்லாதபோதும் 12.6 வோல்ட் அளவு காட்டினால் அது பேட்டரி லைன். சாவியை ஆக்சசரிக்கு (இன்ஜின் ஓடாமலே செட் பாடும் நிலைக்கு) திருப்பினால் மட்டும் வோல்ட் வந்தால் அது சிவப்புக்கானது. இரண்டிலும் பேப்பர் டேப் ஒட்டி எழுதி வை. பிறகு 10 நம்பர் ஸ்பானரால் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் ஒயர் சீவ வேண்டும்.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் செட் பாடும், ஆனால் சாவியை எடுக்கும்போதெல்லாம் ஸ்டேஷனும் மணியும் அழிந்துபோகும். சோம்பல்பட்டு இரண்டையும் சேர்த்துப் பேட்டரி லைனில் கொடுத்தால் இன்னும் மோசம். சாவியை எடுத்த பிறகும் செட் அணையாது. மெல்லிய சத்தத்தில் ஒரு ஆம்பியர் இழுத்தாலும், 35 ஏஹெச் பேட்டரி (ஒரு ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் தருவது) ஒன்றரை நாளில் படுத்துவிடும். பழைய லைன் கறுத்தோ இறுகியோ இருந்தால் மஞ்சளுக்குப் பேட்டரியிலிருந்தே 1.5 சதுர மி.மீ. ஒயர் இழு. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் போடு. தகரத்தைக் கடக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம். அது இல்லாவிட்டால் வண்டி ஆடும் ஆட்டத்தில் இன்சுலேஷன் அறுந்து ஷார்ட் ஆகும். ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸ் போடாமல் ஷார்ட்டைத் தேடு.

எர்த்துக்கு நேரம் ஒதுக்கு. டேஷ்போர்டுக்குப் பின்னால் பாடியோடு சேர்ந்த கெட்டியான போல்ட் ஒன்றைத் தேடி, பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு ரிங் லக் (ஒயர் நுனியில் பொருத்தும் வளையம்) வைத்து முறுக்கு. எர்த் சரியில்லையென்றால் கரண்ட் ஏரியல் கேபிளைச் சுற்றியுள்ள கம்பி வலை வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப முயலும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘உய்ய்’ என்ற சத்தம் ஏறினால் முதலில் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும். செட் சத்தமாகப் பாடும்போது கறுப்பு ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

ஸ்பீக்கர் இணைப்பில்தான் புது செட்கள் எரிகின்றன. பழைய கேசட் செட்களில் ஸ்பீக்கர் மைனஸைப் பாடியில் கொடுத்தே ஓட்டியவர்கள் உண்டு. உன் செட்டில் ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயரிலும் பாடியைப் பொறுத்து ஏறக்குறைய 6 வோல்ட் நிற்கும். அது எங்காவது பாடியில் தொட்டால் செட்டுக்குள் சத்தத்தைப் பெருக்கும் ஐசி (சிப்) போய்விடும், அல்லது செட் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஆகவே நான்கு ஸ்பீக்கரின் மைனஸையும் தனித்தனியாகவே கொண்டுவா. ஸ்பீக்கரைக் கழற்றாமல், இரண்டு ஒயர் நுனிகளுக்கும் இடையே ஓம் பார்: 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டும். நுனிக்கும் பாடிக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. பிளஸ் எது என்று தெரிய, ஒன்றரை வோல்ட் செல்லை ஒரு நொடி தொடு. ஸ்பீக்கரின் கூம்பு (கோன்) வெளியே துள்ளினால் செல்லின் பிளஸ் பட்ட பக்கம்தான் பிளஸ். ஒன்று மட்டும் மாறிப்போனால் பேஸ் (அடித்தொனி) காணாமல்போகும், ஸ்பீக்கர் கெட்டதென்று நினைப்பாய். செட்டில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு உள்ளது மைனஸ்.

பெட்டியில் 50 வாட் × 4 என்று எழுதியிருப்பதை நினைத்து ஸ்பீக்கர் வாங்காதே. பின்னாலுள்ள ஃபியூஸ் 10 ஆம்பியர்தானே! 14.4 வோல்ட்டில் கணக்குப் போட்டால் மொத்தமே 144 வாட். ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் கிடைத்தால் நல்லது.

இணைப்பை முறுக்கி டேப் சுற்றி விடாதே, வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடு. ஸ்லீவை முதலிலேயே ஒயரில் நுழைத்துவிடு. தானியங்கி ஏரியலுக்கோ தனி ஆம்பிளிஃபயருக்கோ போகும் நீல ஒயர் வேண்டாமென்றால் நுனியை மூடிவிடு, எர்த்தில் கட்டாதே. டேஷ்போர்டுத் துளை 182-க்கு 53 மி.மீ. இருக்க வேண்டும். செட்டோடு வரும் தகரக் கூட்டின் நாக்குகளை மடித்த பிறகு பின்பக்கப் பட்டையையும் முறுக்கு, இல்லையேல் பள்ளத்தில் செட் குதிக்கும்.

எல்லாம் முடிந்ததும் சாவியை எடுத்துவிட்டு, மீட்டரின் முனையை 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்றி மஞ்சள் ஒயரைப் பிரித்து அதன் நடுவில் வரிசையாகப் போடு. கரண்ட் தம்மாத்துண்டு என்றால் மில்லிஆம்பியர் சாக்கெட்டில் வைத்துத் திரும்பப் பார். ஒற்றை இலக்க மில்லிஆம்பியரில் நிற்க வேண்டும். எவ்வளவு காட்டியது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா