கதையை எழுதியவர் பெயர் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்டப்புளுகன் மன்ச்சௌசன் பிரபுவின் கதைகளைப் படமாக்கியவர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். டெர்ரி கில்லியமின் 1988 படத்துக்கு ஒன்றரைப் பக்கம், அதன் செலவு, வசூலில் விழுந்தது, எல்லாம் சரி. ஆனால் 1943இல் வந்த ஜெர்மன் படத்தை 'நாஜிகள் எடுத்த வண்ணப்படம்' என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். அதை எழுதியவர் யார் என்று சொல்லவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

எழுதியவர் எரிக் கெஸ்ட்னர். துப்பறியும் சிறுவன் எமிலின் கதையைக் குழந்தைகளுக்கு எழுதினாரே, அவரேதான். 1933 மே மாதம் பெர்லினில் நாஜிகள் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தியபோது அவருடையவையும் எரிந்தன, அதைக் கூட்டத்தில் நின்று அவரே பார்த்தார். அன்றிரவு அங்கே பேசியவர் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ். பிறகு கெஸ்ட்னருக்கு எழுதத் தடை. அப்புறம் உஃபா என்ற ஜெர்மன் படநிறுவனத்தின் 25ஆம் ஆண்டு விழாவுக்கு கோயபல்ஸுக்கே ஒரு பிரம்மாண்டமான படம் தேவைப்பட்டது. தடை போட்ட ஆளுக்கே தனி அனுமதி கொடுத்து, பெர்டோல்ட் பூர்கர் என்ற புனைபெயரில் எழுதவைத்தார்கள். (ராஸ்பே ஆங்கிலத்தில் எழுதிய இந்தக் கதைகளை 1786இல் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோன கவிஞர் பெயரும் பூர்கர்தான்.)

பிரபுவாக நடித்த ஹான்ஸ் ஆல்பர்ஸ் பீரங்கிக் குண்டின் மேல் உட்கார்ந்து பறப்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு மறக்காதது வேறு காட்சி. மந்திரவாதி கலியோஸ்த்ரோ வந்து, நாடு பிடிக்கலாம் வா என்று பிரபுவைக் கூப்பிடுகிறான். உனக்கு ஆளவேண்டும், எனக்கு வாழவேண்டும், இதில் நமக்கு ஒத்துவராது என்ற பொருளில் பிரபு பதில் சொல்லிவிடுகிறார். ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அந்த மார்ச்சில் பெர்லின் திரையரங்கில் உட்கார்ந்து ஜனங்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள். இது எதிர்ப்புப் படம் என்று நான் சொல்ல வரவில்லை, போரை மறக்கடிக்க அரசு எடுத்த படம்தான். ஆனாலும் அந்த வசனத்தை எழுதிய கை யாருடையது என்று தெரிந்து பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது.

மார்க் ஸகாரோவின் 1979 சோவியத் தொலைக்காட்சிப் படம் கட்டுரையில் இல்லவே இல்லை. அதில் பிரபு பொய்யே சொல்வதில்லை. மே 32 என்று ஒரு நாள் கூடுதலாக இருப்பதாகக் கண்டுபிடிக்கிறார், அவ்வளவுதான். நீ சொன்னதெல்லாம் பொய் என்று எழுதிக்கொடு, அப்போதுதான் காதலியைக் கட்டலாம் என்று ஊரே நெருக்குகிறது. செத்துப்போனதாக நாடகமாடியதும் அதே ஊர் அவரைக் கொண்டாடுகிறது. உயிரோடு திரும்பி வந்தால் ஏற்க மறுக்கிறது. ஒலெக் யான்கோவ்ஸ்கி இதை நடித்த விதத்துக்காகவே பார்க்கலாம். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரேயின் ஓவியங்களுக்குள் உயிருள்ள நடிகர்களை நடமாடவிட்ட செக் இயக்குநர் கரெல் ஸெமனின் படத்தையும் விட்டிருக்கிறீர்கள். இவை இரண்டையும் பற்றித் தனிக் கட்டுரை வந்தால் சந்தோஷப்படுவேன்.

அதற்கு இடமில்லை என்றாலும் அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தமாவது போடுங்கள்: 1943 படத்தின் திரைக்கதை, எரிக் கெஸ்ட்னர்.

அன்புடன்,
நீண்டநாள் வாசகி