வீதியை உயர்த்திய ஐயாமாருக்கு

மதிப்புக்குரிய ஐயாமாருக்கு,

எங்கள் உள்வீதியை ஒன்றரை அடி உயர்த்தி கொங்கிறீட் போட்டுத் தந்தீர்கள், நன்றி. பிள்ளைகள் சேறு படாமல் பள்ளிக்கூடம் போகிறார்கள், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வீதிக்குக் கீழே தண்ணீர் போக இருந்த பழைய மதகை மூடிவிட்டு ஒரு சின்னக் குழாயைச் செருகிவிட்டுப் போனீர்களே, அந்த மதகைத் திருப்பித் தாருங்கள்.

போன மாரியில் வளவெல்லாம் வெள்ளம் நின்றபோது, “இது பள்ளக் காணி, தண்ணீர் வரத்தானே செய்யும்” என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் சொன்னார். பள்ளம்தான் ஐயா. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து வடக்கே சரிந்து வந்து, இரணைமடுக் குளத்தில் தேங்கி, குளம் நிரம்பி வான் பாய்ந்தால் கிளிநொச்சி நகரத்துக்குக் கிழக்கால் ஓடிச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விழுகிறது. 1902இல் குளவேலை தொடங்கியவர்களும், 1936இல் இங்கே குடியேற்றத் திட்டம் போட்டவர்களும் இந்தச் சரிவை நம்பித்தான் வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே போகும் என்பது மாடு மேய்க்கும் பொடியனுக்கும் தெரியும். நீங்கள் அதற்குக் குறுக்கே ஓர் அணையைக் கட்டிவிட்டு வீதி என்கிறீர்கள்.

2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகளைத் திறந்தபோது முரசுமோட்டை, பன்னங்கண்டி, கண்டாவளை எல்லாம் வெள்ளக்காடு. அது குளத்து வெள்ளம், சரி. இப்போது எங்களுக்குக் குளம் நிரம்பவே தேவையில்லை, ஓர் இரவு மழை போதும், வந்த தண்ணீர் போகவும் மாட்டுது.

கிணற்றைச் சொல்கிறேன். வெள்ளம் கட்டுக்கு மேலால் ஏறி, மலசலகூடக் குழித் தண்ணீரும் அதற்குள் போய்விட்டது. அம்மா ஒரு வாளி அள்ளி மணந்து பார்த்துவிட்டு அப்படியே ஊற்றிவிட்டார். பிறகு குடிக்கிற தண்ணீர் பவுசரில், அதுதான் தாங்கி வண்டியில், வந்தது. பவுசர் உங்கள் வீதியில் கம்பீரமாக நிற்கும், நாங்கள் முழங்கால் வெள்ளத்திலிருந்து குடத்தோடு அந்த ஒன்றரை அடியை ஏற வேண்டும். வயதானவர்களுக்கு மேலே நின்று யாராவது கை கொடுக்க வேண்டும். அதைப் படமெடுக்க மட்டும் நல்ல ஆட்கள் வந்தார்கள், உலர் உணவுப் பொதியோடு, ஆளுக்கொரு சிரிப்போடு. வருஷா வருஷம் பொதி கட்டுகிற காசுக்கு எத்தனை மதகு கட்டலாம் என்று யாராவது கணக்குப் பார்த்தீர்களா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீதியை உடைக்கச் சொல்லவில்லை. ஒருநாள் வந்து இரண்டு பக்கமும் மட்டம் பிடித்துப் பாருங்கள், எந்த வளவு எவ்வளவு பள்ளம் என்று எங்களுக்கும் சொல்லுங்கள், பழைய அகலத்திலேயே மதகைக் கட்டித் தாருங்கள். தயவுசெய்து புரட்டாதிக்குள். ஐப்பசி மழை தொடங்கினால் இங்கே மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் இறங்காது.

இப்படிக்கு,
வீதிக்குத் தெற்கே குடியிருக்கும் ஒருவன்