இது இரண்டு பேர் சண்டை இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வார இறுதியில் பகடையும் பேப்பருமாகக் கூடி விளையாடும் நம் இளையர்களைப் பற்றி உங்கள் இளையர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு நாலு பேர் முகம் பார்த்துப் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அது உண்மைதான், இங்கே சிங்கப்பூரில், செங்காங்கில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பல வருடமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறவள் என்பதால் அந்தச் சந்தோஷம் எனக்கும் தெரியும். ஆனால் இந்தக் குழுக்களிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக ஏன் நின்றுவிடுகிறார்கள் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒருவர் டன்ஜன் மாஸ்டராக இருந்து கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கேரக்டராக மாறி, கதவை உடைக்கிறேன், காவலாளியிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்வார்கள், பிறகு 20 பக்கப் பகடையை உருட்டி, தங்கள் கேரக்டரின் திறமைகளை எண்களாக எழுதி வைத்திருக்கும் தாளில், அதாவது கேரக்டர் ஷீட்டில், இருக்கும் எண்ணை அதோடு கூட்டினால் காரியம் நடந்ததா இல்லையா என்று தெரியும். அதாவது பேச்சுதான் இங்கே விளையாட்டே. பேச விடாமல் ஒருவரை உட்கார வைத்தால் அவர் விளையாடவில்லை, வேடிக்கை பார்க்கிறார், அவ்வளவுதான்.

சில காலம் முன்பு வேறொருவர் நடத்திய குழுவில் நான் ஆட்டக்காரராகப் போய் உட்கார்ந்தேன். அங்கே ஓர் இளம்பெண் போர்வீராங்கனையாக ஆடினாள். பகடையை உருட்டினாள், 19 விழுந்தது, அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த பையன் அவள் ஷீட்டைத் தன் பக்கம் இழுத்து, "இரு இரு, நான் கூட்டித் தர்றேன்" என்றான். அவனைவிட அதிக காலம் விளையாடியவள் அவள். கொஞ்ச நேரம் கழித்துக் கோட்டை வாசலில் காவலாளியிடம் பேச வேண்டிய இடம் வந்தபோது, "நீ பேசாத, போய்ச் சிரிச்சுக் காட்டு, ஆள் மயங்கிடுவான்" என்றான். முடியாது என்றாள். உடனே தன் கேரக்டர் அவள் கேரக்டரின் இடுப்பில் கை போடுவதாக அறிவித்தான், அவள் முறைத்ததும், "நான் இல்ல, என் கேரக்டர்தான் அப்படி" என்று சொல்ல, மேசையே சிரித்தது. அவள் சத்தம் போடவில்லை. தன் பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் குழுவை நடத்தியவர், "ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசித் தீர்த்துக்கோங்க, குரூப்புக்குள்ள சண்டை வேணாம் லா" என்றார். என் கோபமெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான், அன்றே அவரிடம் அதைச் சொல்லிவிட்டேன். கிடைத்த புதையலை எப்படிப் பங்கு போடுவது, விதிக்கு யார் சொல்லும் விளக்கம் சரி, ஒருவன் கூட இருந்தே காட்டிக் கொடுக்கலாமா, இதெல்லாம் சண்டை, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும், விட்டுக் கொடுக்கச் சொல்லலாம். இங்கே அந்தப் பெண் எதை விட்டுக் கொடுப்பது? பாதி இடுப்பையா? தொல்லை கொடுத்தவனையும் தொல்லைக்கு ஆளானவளையும் சமமாக நிறுத்திப் பஞ்சாயத்து வைத்தால், அவளைத்தான் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொல்கிறோம் என்று அர்த்தம்.

"இந்த விளையாட்டே ஆம்பளைங்க விளையாட்டுதானே அக்கா" என்று என்னிடம் சொன்னவர்களும் உண்டு. 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இதை வெளியிட்டபோது போர் விளையாட்டு ஆடிய ஆண்கள் வட்டத்திலிருந்துதான் இது வந்தது, சரி. 1978ல் வந்த விதிப்புத்தகத்தில் பெண் கேரக்டரின் உடல் வலிமை ஆண் கேரக்டரைவிடக் குறைவான இடத்தில் நின்றுவிட வேண்டும் என்று விதியே இருந்தது. 1989ல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். எங்கள் மேசைகளில் இருக்கிற பசங்களில் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், ஆகவே பழைய விதிமேல் பழி போட அவர்களுக்கு வழியே இல்லை.

கதைக்குள்ளேயே தண்டனை கொடுக்கும் பழக்கம் ஒன்றும் இருக்கிறது. தப்பாகப் பேசியவனின் கேரக்டர் தலையில் இடி விழும், அல்லது அரசன் அவனைச் சிறையில் தள்ளுவான். பார்க்க நன்றாக இருக்கும், பலன் இல்லை. எதற்காக விழுந்தது என்று அவனுக்குப் புரியாது, டன்ஜன் மாஸ்டருக்குத் தன்மேல் காழ்ப்பு என்று நினைப்பான், புதுக் கேரக்டர் எழுதிக்கொண்டு அடுத்த வாரம் அதே வாயோடு வந்து உட்காருவான். எக்ஸ் கார்டு வைத்திருக்கிறோமே என்பார்கள் சிலர். மேசை நடுவில் எக்ஸ் போட்ட ஓர் அட்டை, மனதுக்கு ஒவ்வாத காட்சி வந்தால் யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம், காரணம் சொல்ல வேண்டாம், அந்தக் காட்சியை விட்டுவிட்டுக் கதை நகர வேண்டும். நல்ல ஏற்பாடு, என் மேசையிலும் உண்டு. ஆனால் அது கதையில் வரும் ரத்தத்துக்கும் சித்திரவதைக்கும் சரி, பக்கத்து நாற்காலியில் இருப்பவனின் நடத்தைக்குப் போதாது, ஏனென்றால் மூன்று முறை அதைத் தொட்ட பெண்ணுக்கு மூட் கெடுக்கிறவள் என்ற பெயர்தான் கிடைக்கும்.

குழு நடத்துபவர் செய்ய வேண்டியது நேரடியானது. ஆட்டத்தை நிறுத்தி, "அது நடக்கவில்லை, கதையில் இல்லை" என்று எல்லார் முன்னாலும் அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும். அப்புறம் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, கேரக்டர் பெயரை எடுக்காமல் அவன் பெயரைச் சொல்லி, நீ இதைச் செய்தாய், இனிமேல் செய்தால் வராதே என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணிடம் நடந்தது தப்பு, நான் பேசிவிட்டேன் என்று தெரிவித்தால் போதும், மன்னித்துவிடு என்று அவளிடம் தூது போக வேண்டாம். புதுக் கதை தொடங்குமுன் எல்லாரும் உட்கார்ந்து எது வரலாம், எது கூடாது என்று பேசும் செஷன் ஸீரோவிலேயே இதையும் சொல்லி வைத்துவிட்டால் பிறகு வாய் திறப்பது சுலபம்.

ஆனால் நம்மவர்கள் தயங்குகிறார்கள். பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவன், தேசிய சேவையில் ஒரே படுக்கை அறையில் இருந்தவன், அவன் அம்மாவை நமக்குத் தெரியும், தமிழ் பேசிக்கொண்டு ஆடும் குழுக்களே இந்த ஊரில் கொஞ்சம்தான், அவனும் போய்விட்டால் ஆள் சேராதே என்ற பயம். போன பெண்ணும் ஓர் ஆள்தானே? அவளோடு வரவிருந்த அவள் தோழியும் வரமாட்டாளே? மூன்று பேரும் ஒரு டன்ஜன் மாஸ்டரும் இருந்தால் தாராளமாக ஆடலாம், நான் ஆடியிருக்கிறேன்.

இன்னொன்று, குழுவை விட்டு வந்த பிறகும் டெலிகிராமில் விடாமல் செய்தி அனுப்பித் தொந்தரவு செய்தால் அதைக் குழுத் தலைவர் பேசித் தீர்ப்பார் என்று எந்தப் பெண்ணும் காத்திருக்கத் தேவையில்லை. துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் இங்கே 2014லிலேயே வந்துவிட்டது, இணையத்தில் நடப்பதற்கும் அது பொருந்தும். செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செங்காங்