மாட்டிவிட்டால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு தொழில்நுட்பப் பக்கத்தில், 'ஆபீஸில் ஒரு ஃபயர்வால் வாங்கி மாட்டிவிட்டால் போதும், வைரஸ் கவலையை மறந்துவிடலாம்' என்று ஒரு வரி வந்திருந்தது. திருப்பூரில் 14 வருடமாகச் சின்ன பனியன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ஃபயர்வால் என்பது இன்டர்நெட்டுக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே காவல் நிற்கும் பெட்டி. ஆனாலும் அந்த வரி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு கம்பெனியிலிருந்து பதறிக்கொண்டு கூப்பிட்டார்கள். கணக்கு, இன்வாய்ஸ் என்று எந்த ஃபைலும் திறக்கவில்லை. பேக்கப் டிஸ்க்கை எப்போதும் அதே கம்ப்யூட்டரில் சொருகியே வைத்திருந்ததால் அதுவும் போயிற்று. ஃபயர்வால் எங்கே என்று தேடினால், பீரோ மேல் இருக்கிறது. காற்றுத் துளைகளில் பஞ்சுத் தூசு அடைத்திருக்கிறது. முகப்பில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது வாங்கிய அன்றைக்குப் போட்ட மென்பொருள். நான்கு வருடத்தில் ஒரு அப்டேட் கூடப் போடவில்லை. அப்டேட்டுக்கான சந்தா ரினியூவல் பற்றி நான் கேட்டபோதெல்லாம் "நல்லாத்தானே ஓடுது" என்பார் முதலாளி. வெளியூரிலிருந்து வேலை பார்க்க அந்தப் பெட்டியில் திறந்து வைத்த விபிஎன் என்ற இணைப்பில் இருந்த பழைய ஓட்டை, அதாவது மென்பொருள் குறை, வழியாகத்தான் திருடர்கள் உள்ளே வந்திருந்தார்கள். கணக்கெழுதும் பெண் இரண்டு மாதம் பில் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி அடித்தார்.

ஃபயர்வாலும் ஒரு கம்ப்யூட்டர்தான், அதிலும் ஓட்டை விழும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அடைப்பதற்கு அப்டேட் வந்த பிறகுதான் ஆபத்து இன்னும் அதிகம். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, ஓட்டை எங்கே இருந்தது என்று திருடனும் கண்டுபிடித்துவிடுகிறான். அப்புறம் மாட்டுவது, போடாமல் விட்டவர்கள்தான்.

2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் உலகத்தையே உலுக்கியபோது பெரிதாகச் செய்தி போட்டீர்கள். அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது என்று ஒரு வரி இல்லை. அன்றைக்கும் கடிதம் எழுதினேன், வரவில்லை. வீட்டுக் கேமரா காட்சிகள் கசிந்ததாக எழுதும்போதும் பரபரப்புதான் இருக்கிறது. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று சொல்வதில்லை. 2016இல் மிராய் வைரஸ் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது அந்த மாற்றாத பாஸ்வேர்டுகளை வைத்துத்தானே? பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து, எல்லாப் பெட்டிக்கும் ஒரே எளிய பாஸ்வேர்டு வைத்து விற்கத் தடை. எதுவரை அப்டேட் தருவோம் என்பதையும் கம்பெனி சொல்லியாக வேண்டும். இங்கே கடையில் அதைக் கேட்டால், வாரன்டி கார்டைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

30 வருடமாக எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகை உங்களுடையது. நான் பத்து தடவை சொல்லியும் கேட்காத முதலாளிகள், நீங்கள் அச்சடித்தால் நம்புகிறார்கள். அதனால்தான் இந்த வருத்தம்.

வரும் ஞாயிறு அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு வெளியிடும் எச்சரிக்கைகளில் முக்கியமானதை வாரம் ஒரு நாள், தங்கம் விலை போடும் இடத்துக்குக் கீழே, தமிழில் நாலு வரியாகப் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் பராமரிப்பாளர்,
திருப்பூர்.