பிரதேச வைத்தியசாலைகளுக்கு ஒரு சமூகப் பணியாளர் வேண்டும்: சுகாதார அமைச்சுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சின் செயலாளருக்கும், ஒன்பது மாகாணங்களின் சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாகாணங்களின் கீழ் இயங்கும் பிரதேச வைத்தியசாலைகளுக்கு நிரந்தர ஆளணியில் சமூகப் பணியாளர்களை நியமியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் என்பது இப்போதைக்கு முடியாது என்றால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று நான்கு வைத்தியசாலைகளுக்கு ஒருவர் என்றாவது தொடங்குங்கள். அவர் அந்த ஊர் நோயாளிகளின் மொழியைப் பேசுகிறவராக இருக்கட்டும்.

நான் குடியிருப்பது வெள்ளவத்தையில். வேலை செய்தது பெரும்பாலும் கொழும்புக்கு வெளியே, ஒரு டொக்டரும் சில தாதிமாரும் ஒரு மருந்தாளரும் நாலைந்து சிற்றூழியர்களும் சேர்ந்து தூக்கி நிறுத்தும் சின்ன ஆஸ்பத்திரிகளில். பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் தோட்டப் பக்கங்களில் தொடங்கினேன். 2009க்குப் பிறகு, மக்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பத் தொடங்கிய காலத்தில், வன்னிக்குப் போனேன். அப்புறம் தீவகம், மறுபடியும் மலைநாடு. இத்தனை காலத்திலும் என் சம்பளம் அரசாங்கத்திடமிருந்து வந்ததில்லை. ஏதாவது ஒரு தொண்டு நிறுவனம், ஏதாவது ஒரு திட்டம். திட்டம் முடிந்த மறுமாதம் நான் அங்கே இருக்கமாட்டேன். ஆனால் நோயாளிகள் அதே நோயாளிகள்தான், அவர்களுடைய கஷ்டமும் அதே கஷ்டம்தான்.

சமூகப் பணி இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1952இலேயே இங்கே அதற்கான கல்வி தொடங்கிவிட்டது. அதன் தொடர்ச்சியான தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் இன்று பட்டதாரிகளையே உருவாக்குகிறது. அங்கொடை மனநல வைத்தியசாலையில் உளநல சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். பிரதேச செயலகங்களில் சமூக சேவை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். நான் வேலை செய்த பிரதேச வைத்தியசாலை எதிலும் அப்படியொரு பதவி ஆளணிப் பட்டியலில் இருந்ததில்லை.

அந்த ஆள் என்னதான் செய்வார் என்று கேட்பீர்கள். ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பதுளைப் பக்கம் ஒரு பிரதேச வைத்தியசாலை. நீரிழிவு, பிரஷர் கிளினிக் அங்கே வாரநாள் ஒன்றில் காலையில் நடக்கும். பதிவேட்டைப் புரட்டியபோது ஒரே தோட்டத்துப் பெண்கள் வரிசையாக விடுபட்டிருந்தார்கள். டொக்டருக்கு மனவருத்தம். உடம்பில் இவர்களுக்கு அக்கறையே இல்லை என்றார். நான் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போனேன். அங்கே ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா, காலில் பழைய சேலைத் துணியைச் சுற்றியிருந்தார். அவிழ்க்கச் சொன்னேன். பெருவிரலுக்குக் கீழே காசளவு புண், ஓரம் வெளுத்து நடுவில் கறுத்திருந்தது. வலி இல்லை என்றார். நீரிழிவில் நரம்பு உணர்வு போய்விட்டால் வலி தெரியாது. கடைசியில் காலையே எடுக்க வைப்பது பெரும்பாலும் அந்த வலிக்காத புண்தான். ஏன் கிளினிக்குக்கு வரவில்லை என்று கேட்டேன்.

"காலையில கிளினிக் போனா அன்னிக்குப் பேரு இல்லையே மிஸ். பேரு கொறைஞ்சா மாசக் கடைசியில கையில என்னா வரும்?"

செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவேட்டில், பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். அப்போது தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாவைத் தொட்டிருக்கவில்லை. அது 2021இல்தான் வந்தது. மாதத்துக்கு ஒரு நாள் கிளினிக், புண் கட்ட இன்னும் சில நாட்கள் என்று போனால், அந்த வீட்டில் அரிசி குறையும். அவருக்கு உடம்பில் அக்கறை இருந்தது. பேரப்பிள்ளைகளின் சாப்பாட்டிலும் அக்கறை இருந்தது.

இதை டொக்டரிடம் வந்து சொன்னேன். அவர் நல்ல மனுஷர். விடுதி வைத்தியசாலைக்குப் பின்னாலேயே இருந்ததால், வாரத்தில் ஒரு நாள் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, மாலை ஐந்து மணிக்கு, கிளினிக் வைக்கச் சம்மதித்தார். மருந்தாளரும் சரி என்றார். தோட்ட நிர்வாகத்தோடு பேசி, புண் கட்ட வேண்டியவர்களை அரை மணி நேரம் முன்னதாக விடச் செய்தோம். அந்த அம்மாவின் மகளுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டத் தாதி ஒருவர் கற்றுக்கொடுத்தார். விரல் ஒன்று போனது, கால் தப்பியது. விடுபட்ட மற்றப் பெண்களில் பெரும்பாலானோர் கிளினிக்குக்குத் திரும்பி வந்தார்கள். இதற்காகப் புதிதாக எந்த மருந்தும் வரவில்லை. மெட்ஃபோர்மினும் இன்சுலினும் அந்த ஆஸ்பத்திரியில் முன்பே இருந்தன. லயம் வரைக்கும் போய் ஏன் என்று கேட்க மட்டும் ஆள் இருக்கவில்லை.

காலை எட்டு மணிக்குத் தொடங்கி நண்பகலுக்குள் நூறு பேரைப் பார்க்கும் டொக்டரால் அதைக் கேட்க முடியாது. குடும்பநல உத்தியோகத்தரிடம் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் ஏற்கெனவே நிறைய. அவர்களுடைய பட்டியலில் இன்னொரு வரியைச் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கொழும்புப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தேசிய வைத்தியசாலையில் 3000க்கும் மேற்பட்ட கட்டில்கள். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையிலும் பொரளை சிறுவர் வைத்தியசாலையிலும் நாடு முழுவதிலுமிருந்து வந்தவர்கள். இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, தங்க இடமில்லாமல் வைத்தியசாலை வாசலிலேயே விடியும் வரை உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவர்களை எல்லாம் கொழும்பு கவனித்துத்தான் அனுப்புகிறது. ஊருக்குப் போன பிறகு என்ன நடக்கிறது?

வன்னியில் ஒரு பெரியவர். கொழும்பின் பெரிய வைத்தியசாலை ஒன்றில் பாரிசவாதத்துக்குச் சிகிச்சை பெற்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். டயக்னோசிஸ் கார்ட் முழுக்க ஆங்கிலம். வீட்டில் அதை வாசிக்கக்கூடியவர் யாருமில்லை. ஆனாலும் அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, நனையாமல் கசங்காமல், சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எழுதியிருந்தது. குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்து மருந்தின் அளவைச் சரிபார்க்க வேண்டும் என்றும் இருந்தது. அந்த நாள் எப்போதோ கடந்திருந்தது. அளவு கூடினால் உள்ளே இரத்தம் கசியும், குறைந்தால் மறுபடியும் பாரிசவாதம். நடந்து போகும் தூரத்தில் ஒரு பிரதேச வைத்தியசாலை. இப்படி ஒரு நோயாளி ஊரில் இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கும் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தர் பேச்சுவாக்கில் சொன்னதால்தான் தெரிந்தது. ஒருவருடைய உயிர் பேச்சுவாக்கில் கிடைக்கும் தகவலை நம்பி இருக்கக்கூடாது.

மொழியைப் பற்றியும் வெளிப்படையாகவே எழுதுகிறேன். தோட்டப் பகுதி ஆஸ்பத்திரிகளில் சிங்களம் மட்டுமே தெரிந்த டொக்டர்மாரும் தாதிமாரும் தங்களால் முடிந்த அளவு தமிழில் பேச முயல்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் தாய்க்கு மாதவிடாய் நிற்காமல் போவதை, பாடசாலைச் சீருடையோடு வந்த மகள் டொக்டரிடம் சிங்களத்தில் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். தாய் பாதியை விழுங்கினார், பிள்ளை மீதியை விழுங்கியது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினோம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி டொக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த நாடு இது. அந்தத் தாய்க்குப் பக்கத்தில் ஒரு பெரிய மனுஷி உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்வது பெரிய காரியமே இல்லை.

அடுத்தது கட்டில் கணக்கு. மீளாய்வுக் கூட்டங்களில் எப்போதும் முதலில் வருவது இதுதான். 100 கட்டிலுக்கு மேல் என்றால் ஏ தரம், 50க்கும் 100க்கும் இடையில் பி, அதற்குக் குறைந்தால் சி. அப்புறம் கட்டில்களில் எத்தனை நிரம்பின என்ற வீதம். சின்ன ஆஸ்பத்திரிகளில் அது குறைவுதான், மறுக்கவில்லை. உடனே யாராவது ஒருவர், விடுதியை மூடிவிட்டு வெளிநோயாளர் பிரிவை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்பார்.

யாழ்ப்பாணத் தீவகத்தில் நெடுந்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அங்கே ஒரு கட்டில் வெறுமையாக இருந்தால் அதை வீண் என்று எழுதலாமா? கொவிட் காலத்தில் நோயாளிகளை வைக்க இடமில்லாமல் போனபோது, நாடெங்கும் பல பிரதேச வைத்தியசாலைகளின் இதே வெறுங்கட்டில்களைத்தானே அமைச்சு தேடி வந்தது? 2022இல் பெட்ரோல் இல்லை, ஓட்டோ இல்லை, பஸ் குறைவு. நடந்து போகக்கூடிய ஆஸ்பத்திரிதான் கைகொடுத்தது. 2025 நவம்பரில் டித்வா புயலில் மலைநாட்டு வீதிகள் மண்சரிவில் அறுந்தபோது பதுளைக்கும் கண்டிக்கும் நோயாளிகளை எப்படிக் கொண்டுபோவது? 1990 சுவசெரிய அம்புலன்ஸ் அருமையான சேவை, எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதற்கும் வீதி வேண்டும்.

மக்கள் பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்குக் காரணங்கள் உண்டு. இரத்தப் பரிசோதனை இல்லை, மருந்து வெளியில் வாங்கச் சொல்கிறார்கள், டொக்டர் இடமாற்றத்தில் போய்விட்டார், அடுத்தவர் எப்போது வருவார் என்று தெரியாது. 2018 முதல் நீங்கள் இதைச் சரிசெய்ய முயல்வதும் தெரியும். ஒரு பெரிய வைத்தியசாலையைத் தலைமையாக வைத்து, சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளைக் கொத்தணியாகச் சேர்க்கும் கொள்கை நல்ல கொள்கை. அதே வருடம் ஆரம்ப சுகாதார சேவையைப் பலப்படுத்த உலக வங்கி 200 மில்லியன் டொலர் அனுமதித்தது. ஆய்வுகூட வசதிகளும் உபகரணங்களும் வந்ததை நானே பார்த்து மகிழ்ந்தேன். இந்தக் கொத்தணியில் நோயாளி ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதும், அங்கிருந்து வீட்டுக்குப் போகும்போதும் தொலைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது யாருடைய வேலை என்பதுதான் எழுதப்படாமல் நிற்கிறது.

பணம் இல்லை என்பீர்கள். அரச சேவையில் ஆயிரக்கணக்கான அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், பலரும் பட்டதாரிகள். உருப்படியான வேலை தரப்படாமல் மேசையில் காத்திருக்கும் இளம் பிள்ளைகளை நான் எத்தனையோ அலுவலகங்களில் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கே அது வேதனை. அவர்களில் விருப்பமுள்ளவர்களைத் தெரிந்தெடுத்து, தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் பயிற்சி கொடுத்து, கொத்தணிகளுக்கு அனுப்புங்கள். புதுச் சம்பளச் செலவு அதிகம் வராது.

அதிகாரம் யாருடையது என்ற கேள்வியில்தான் இந்த யோசனை ஒவ்வொரு முறையும் நின்றுபோகிறது. மாகாணத்தில் கேட்டால் அமைச்சைக் கேளுங்கள் என்கிறார்கள். அமைச்சில் கேட்டால் பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்துக்கு உரியவை என்கிறார்கள். இரண்டு பேரும் சம்மதித்தாலும் ஆளணி அனுமதி திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்திலிருந்து வர வேண்டும். முறையிட மாகாண சபை உறுப்பினரும் இல்லை. கடைசி மாகாண சபைத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில், ஊவாவில். அதனால்தான் இந்த மடலை உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே கோப்பாகத் திறைசேரிக்கு அனுப்புங்கள்.

தொடங்குவதற்கு ஊவா, மத்திய, வட மாகாணங்களில் ஆளுக்கொரு கொத்தணி போதும். ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். கட்டில் எத்தனை நிரம்பியது என்று எண்ணுவதோடு, கிளினிக்கை விட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், கொழும்பிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேரை ஊர் ஆஸ்பத்திரி ஒரு வாரத்துக்குள் பார்த்தது என்பதையும் எண்ணுங்கள். பதவிக்கான கடமைப் பட்டியல் வரைவு ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். அமைச்சின் தலைமையகமான சுவசிரிபாயவில் எந்த அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள், நேரில் கொண்டுவந்து தருகிறேன். முதல் தொகுதிக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டாலும் வருவேன், அதற்குச் சம்பளம் வேண்டாம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சமூகப் பணியாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06