மகளுக்கு: "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்ற வரி பற்றி

மண்டபம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் கால் புண் மெல்ல ஆறி வருகிறது. காலையும் மாலையும் நானே கழுவிக் கட்டுகிறேன். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன, தம்பிக்கு இறால் நன்றாகக் கிடைத்தது. மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன்.

குடும்பக் குழுவில் நீ அனுப்பிய, சர்க்கரை நோய்க்கென்று விற்கும் கடற்பாசி மாத்திரைக் குப்பியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று அடியில் அச்சிட்டிருக்கிறார்கள். நீ சொன்னதாக அத்தை என்னிடம் ஒன்று சொன்னாள். அதை நான் இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பணிக்காலம் முழுவதும் பாசிப் படுகைகளில் சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் இருக்கும் பாசியை எண்ணியவன் நான். அந்த எண்கள் ஆய்வாக அச்சேறுவதற்கு முன் எத்தனை கேள்விகளைக் கடக்க வேண்டும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுக்க முங்கும் பெண்களுக்கு நடுவே வளர்ந்தவள் நீ. பாசியில் சத்து இருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. எந்த உடலில், எத்தனை பேரிடம், எவ்வளவு காலம், யாரோடு ஒப்பிட்டு அதைச் சோதித்தார்கள் என்பதே என் கேள்வி. குப்பி அதற்குப் பதில் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட பல சோதனைகள் எலியில் தொடங்குகின்றன. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை எலிக்குச் செலுத்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்து, அதற்குச் சர்க்கரை நோயை வரவழைத்து, அதன்பின் பாசிச் சாற்றைக் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்த வேலை வீணானது அன்று. அடுத்து எதைத் தேடலாம் என்று அது வழி காட்டுகிறது. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்சுலின் சுரந்தும் உடல் அதை ஏற்காமல் பல ஆண்டுகளில் மெல்ல வந்த நோயும், ஒரே ஊசியில் எலிக்கு வந்த நோயும் ஒன்றல்ல.

மனிதர்களிடம் சோதித்ததாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேள். தடைக்காலத்துக்குப் பிறகு இறால் மிகுந்தால், தடையால் மிகுந்ததா, அந்த ஆண்டின் மழையாலும் நீரோட்டத்தாலும் மிகுந்ததா என்று எங்களால் எளிதில் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை, எல்லாப் படகுகளும் ஒரே நாளில் நின்று ஒரே நாளில் புறப்படுவதால். மாத்திரை தின்றபின் சர்க்கரை குறைந்தது என்பதும் அப்படித்தான். சர்க்கரை மிக ஏறியிருக்கும் நாளில்தான் ஒருவர் புது மருந்தைத் தேடிப் போகிறார். உச்சத்தில் அளந்த எண் அடுத்த முறை ஓரளவு தானாகவே இறங்கும். அவர் அதே வாரத்தில் நடக்கவும் தொடங்கியிருப்பார். ஒப்பிட ஒரு குழு இல்லாவிட்டால் மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று எவராலும் சொல்ல இயலாது.

ஒப்பிடும் குழு இருந்தால் மட்டும் போதாது, அது எப்படிப் பிரிந்தது என்பதும் முக்கியம். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான செவிலியரைப் பல ஆண்டுகள் கவனித்தவர்கள் கண்டார்கள். மருத்துவர்களும் அதை நம்பி எழுதிக் கொடுத்தார்கள். பிறகு 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஹார்மோனும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்த ஆய்வை 2002-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயோடு இதய நோயும் ஹார்மோன் எடுத்தவர்களிடம் கூடியிருந்தது. செவிலியரைக் கவனித்த முதல் ஆய்வில் ஹார்மோனைத் தாமாகத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் வசதியும் உடல்நலமும் உள்ளவர்கள். குலுக்கல் அந்த வேறுபாட்டை அகற்றிவிட்டது.

நம் ஊர்ப்பக்கமே உலகத்துக்கு இதைக் காட்டியிருக்கிறது, தாயி. 1956-இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கி, 193 நோயாளிகளைக் குலுக்கிப் பாதிப் பேரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் பாதிப் பேரை நெரிசலான அவர்கள் வீடுகளிலுமே வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள், கூட வாழ்ந்தவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை என்று 1959-இல் வெளியிட்டார்கள். அதன் பலம் குலுக்கலிலும், ஐந்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்ததிலும் இருக்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள், மாத்திரை உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். அப்படிக் கவனிக்க ஆளில்லாத இடத்தில் அதே பலன் கிடைக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. மாத்திரையை ஒருவர் உண்மையிலேயே சாப்பிடுகிறாரா என்று சந்தேகப்படுவதை அவர்கள் அவமரியாதையாக நினைக்கவில்லை. நீயும் நினைக்காதே.

போன தீபாவளிக்கு வந்தபோது, நடையும் உணவும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைக்கு இணை என்று 2006-இல் வெளிவந்த இந்திய ஆய்வை நீதான் எனக்குக் காட்டினாய். நம் தெருவில் புள்ளியியல் படித்த முதல் பெண் நீ. அந்த அட்டவணையை நீ விளக்கியபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. மொத்தம் 531 பேர். ஒன்றும் செய்யாத குழுவில் 100-க்கு 55 பேருக்கும், வாழ்க்கை முறையை மாற்றிய குழுவில் ஏறத்தாழ 39 பேருக்கும் மூன்றாண்டுகளில் சர்க்கரை நோய் வந்தது. நல்ல ஆய்வு. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் நோய் வரும் நிலையில் இருந்தவர்கள்; நோய் வந்தவர்கள் அல்லர். உனக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு படித்த நீ, சேர்ந்தவர்கள் யார் என்று சொல்லும் வரியை எப்படித் தாண்டிப் போனாய் என்று எனக்கு விளங்கவில்லை.

நோய் வந்தவர்களிடம் செய்ததைப் பார்க்க வேண்டுமானால் பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 1998-இல் முடிவு வெளியிட்ட ஆய்வைப் பார். புதிதாக நோய் கண்ட 5,102 பேரைச் சேர்த்து, ஏறத்தாழ பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை எண் குறைந்ததா என்பதோடு நிற்காமல் கண், சிறுநீரகம், கால், மாரடைப்பு, மரணம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தார்கள். சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குச் சிறு இரத்தக் குழாய்ப் பாதிப்புகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. உடல் எடை கூடியவர்களில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களிடம் மரணமும் குறைந்தது. அந்தப் பிரிவில் 342 பேர்தாம் என்பது அதன் குறை. ஆயினும் 2008-இல் மேலும் பத்தாண்டுக் கணக்கு வந்தபோதும் அந்தப் பலன் நிலைத்தது. சில வாரங்கள் எண்ணை மட்டும் அளந்த ஒன்றை இதன் பக்கத்தில் வைக்கவே முடியாது. பாதிப்பு வாரங்களில் தெரிவதில்லை. அம்மாவின் காலிலும் அப்படித்தான் இருந்தது, உனக்கே தெரியும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, கயல். போனில் கேட்டால் நீ கோபப்பட்டுப் பேச்சை நிறுத்திவிடுவாய் என்று பயந்துதான் இந்தச் செய்திகளையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரமாக நீ படங்களை மட்டும் அனுப்புகிறாய், குரலைக் காணோம்.

அந்தக் குப்பிக்காரர்களிடம் ஆய்வின் தாளைக் கேட்டு வாங்கு. எத்தனை பேர், எவ்வளவு காலம், யாரோடு ஒப்பிட்டு, எப்படிப் பிரித்து. பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர், அவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா. செலவை ஏற்றது யார் என்று பார். விற்பவரே செலவை ஏற்றிருந்தால் அதனாலேயே அது பொய்யாகிவிடாது, ஆனால் வேறொருவர் தனியாகச் செய்து அதே முடிவு வந்ததா என்று தேட வேண்டும். தாள் வந்தால் எனக்கும் அனுப்பு. இருவரும் வரிவரியாகப் படிப்போம். எத்தனை பேர், எவ்வளவு காலம், யாரோடு ஒப்பிட்டு என்பதை மறக்காதே.

அதுவரை உன் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடு. குப்பியையும் அவரிடம் எடுத்துப் போய்க் காட்டு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சோதித்து, எண் எதுவாக இருந்தாலும் எனக்கு அனுப்பு; நான் திட்ட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மாவுக்குக் கட்டுப் போட்டு முடித்துவிட்டுப் போனோடு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா